கடையைப் பூட்டாமல் கொழும்பில் இரண்டு இரவுகள்

2025 ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தெஹியோவிட்டவில் என் கடை வழமை போல் திறந்திருந்தது. நான் மட்டும் உள்ளே இல்லை. ஜனாஸா வீடோ கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ காரணமல்ல. மனைவி, மகள், மூன்று பேரப்பிள்ளைகளுடன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு தங்குவதற்குப் போயிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட என் வியாபார வாழ்க்கையில் இது முதல் தடவை.

காசோலை, கடன், கையிருப்பு என்று எழுதி வருபவன் இந்த வாரம் சுற்றுலாக் கதை சொல்ல வந்துவிட்டானே என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதுவும் கணக்குத்தான். அதிலும் நான் பிழையாகப் போட்ட கணக்கு.

எங்கள் ஊர் கொழும்பிலிருந்து ஹட்டன் போகும் பாதையில், அவிசாவளையைத் தாண்டியதும் வருவது. பாடசாலை விடுமுறை என்றால் கொழும்பார் வேன் வேனாக எங்கள் கடை வாசலைக் கடந்து கித்துல்கலவுக்குப் போவார்கள். களனி கங்கையில் இறப்பர் படகு விடுவதற்கும் குளிப்பதற்கும்தான். 1957 இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் படம் எடுத்த இடம் என்று பார்க்கப் போகிறவர்களும் உண்டு. போகும்போது எங்களிடம் தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் வாங்குவார்கள். மற்றவர்களின் விடுமுறையில் நாங்கள் சில்லறை உழைக்கிறோம். நம்முடைய விடுமுறை என்று ஒன்று இருப்பதாக எனக்கு யோசனை வந்ததே இல்லை.

கொழும்பு எனக்குப் புதிய இடமல்ல. வாரம் ஒரு தடவை புறக்கோட்டைக்குப் போகிறவன்தான். விடியற்காலை புறப்பட்டு, சீனி, பருப்பு, கருவாடு, கோதுமை மா என்று மொத்த வியாபாரிகளிடம் விலை பேசி, மூட்டைகளை லொறியில் ஏற்றிவிட்டு, அஸருக்கு முன் திரும்பப் பார்ப்பேன். என் இரண்டாவது பேரனுக்கு ஆறு வயது. பாடசாலையில் கொழும்பு நகரத்தை வரையச் சொன்னபோது அவன் வரைந்தது நான்கு மூட்டைகளும் ஒரு லொறியும். “கடல் எங்கே?” என்று ஆசிரியை கேட்டதற்கு, “எங்கட அப்பா போற கொழும்புல கடல் இல்லை” என்றானாம். மகள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை.

போகாமல் இருந்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 2019 ஏப்ரல் 21 அன்று கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்களில் குண்டு வெடித்த பிறகு, அப்படியொரு வாசலில் குடும்பத்துடன் போய் நிற்க நம்மவர்களில் பலருக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம் கொரோனா வந்தது. 2022 இல் பெற்றோல் வரிசை. ஆனால் உண்மையைச் சொன்னால் இவையெல்லாம் பிந்திய காரணங்கள். 2019 க்கு முன் இருந்த இருபத்தைந்து வருடங்களில் நான் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: “கடையை யார் பார்ப்பது?”

இந்தக் கேள்விக்கு நான் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கைச் சொல்கிறேன். ஒரு நாள் விற்பனை 80,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கடையில் இல்லாவிட்டால் 2,40,000 ரூபா போய்விட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் அது என் பணமா? பலசரக்குக் கடையில் எல்லாச் செலவும் போக நூறு ரூபாவுக்கு எட்டு ரூபா நின்றால் அல்ஹம்துலில்லாஹ். அப்படியானால் மூன்று நாளும் கடையை முற்றாகப் பூட்டினாலும் நான் இழப்பது 19,200 ரூபா. அதிலும் முழுவதும் போகாது. பாண் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போவார். அரிசியும் மாவும் வாங்க வந்தவர் மறுநாள் நம்மிடம்தான் வருவார். விற்பனைத் தொகையை இலாபம் என்று எண்ணிப் பயப்படுவது நம்மில் பலருக்கு உள்ள நோய். வரிக்காரருக்குக் கணக்குக் காட்டும்போது மட்டும் இந்த வித்தியாசம் நமக்கு மிகத் தெளிவாகத் தெரியும்!

நாளைத் தெரிவு செய்ததும் கடைக் கணக்குப்படிதான். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தோட்டத்து மக்கள். தோட்டச் சம்பளம் மாதம் பத்தாம் திகதி அளவில் வரும். அடுத்த இரண்டு நாளும் கடையில் மூச்சு விட நேரம் இராது. அந்தக் கூட்டம் கலைந்ததும் வந்த செவ்வாய்க்கிழமையைப் பிடித்தேன். வியாழக்கிழமை இரவு வீடு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ ஊரில். தங்கச்சி மகன், இருபத்திரண்டு வயது, கணக்கில் கெட்டிக்காரன். அவன் கையில் கடைச் சாவியைக் கொடுத்தேன்.

பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். கடைக் காசிலிருந்து எடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளிக்கிழமைக்குத் திகதியிட்டு புறக்கோட்டை முதலாளி ஒருவருக்கு நான் காசோலை கொடுத்திருந்தேன். “அந்தக் காசுல கை வைக்க வேணாம்” என்று மனைவி ஒரே சொல்லில் மறித்துவிட்டார். பதினைந்து பெண்கள் சேர்ந்து மாதம் பத்தாயிரம் ரூபா போட்டுப் பிடித்த சீட்டில், ஜூலை மாதம் அவருடைய முறை வந்து 1,50,000 ரூபா கையில் இருந்தது. நகை வாங்க வைத்திருந்த பணம். அதைத்தான் தந்தார். கடனட்டையில் தவணை முறையில் கட்டலாம் என்று தெரிந்தவர் ஒருவர் ஆலோசனை சொன்னார். தவணை தவறினால் வட்டி ஏறும். நமக்கு அது ஆகாது என்பது ஒரு புறமிருக்க, ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் மாதா மாதம் கட்ட வேண்டிய விடுமுறை என்ன விடுமுறை?

வேன் பிடிக்காமல் அவிசாவளையிலிருந்து ரயிலில் போனோம். களனிவெளிப் பாதையின் ஒரு கிளை முற்காலத்தில் தெஹியோவிட்ட வழியாக யட்டியாந்தோட்டை வரை ஓடியது. இரண்டரை அடி அகலச் சின்னப் பாதை. 1942 இல் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். தண்டவாளம் போன இடத்தை என் வாப்பா காட்டுவார். இப்போது அவிசாவளையோடு முடிகிறது. 1990களில் அகலப் பாதையாக்கினார்கள். கொஸ்கம, ஹோமாகம, மஹரகம, நுகேகொடை என்று வீடுகளின் குசினி ஜன்னலை உரசிக்கொண்டு ரயில் மெதுவாகப் போகும். அலுவலகம் போகிறவர்கள் அந்த மெதுவை ஏசுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ அதுதான் விருந்து. முழுப் பயணத்திலும் மிகக் குறைந்த செலவு இந்த ரயிலுக்குத்தான். மூன்று வயதுக் கடைக்குட்டி இன்றும் பேசுவது அதைத்தான். இதை ஹோட்டல்காரர்களிடம் சொல்லிவிட வேண்டாம்.

ஹோட்டலில் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள். பகல் பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டும். இரண்டு இரவுக் காசு கொடுத்தால் கிடைப்பது இரண்டு முழு நாளைக்கும் குறைவு என்பதை வாங்குகிறவன் கவனிக்க வேண்டும். நாங்கள் காலையிலேயே போய்ப் பைகளை ஒப்படைத்தோம். வாசலில் பைகளை இயந்திரத்தில் விட்டுப் பார்த்தார்கள். மகள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். காவலாளி கடைக்குட்டியைப் பார்த்து, சிங்களத்தில், “சின்னவருடைய பையைப் பார்க்க வேண்டியதில்லை, முதலாளி போகலாம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது.

இரண்டு மணி வரை பிள்ளைகளைப் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலில் ளுஹர் தொழுதோம். ஆறு வயதுக்காரன் அதன் கோடுகளை எண்ணத் தொடங்கி பாதியில் விட்டுவிட்டான். மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் என்னை அடையாளம் கண்டு, “என்ன முதலாளி, இன்றைக்குச் சாமான் இல்லையா?” என்றார்கள். வெறுங்கையோடு அந்தத் தெருவில் நடப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இனி ஹோட்டல் பில்லுக்கு வருகிறேன். ஹோட்டலின் பெயர் வேண்டாம். பிழை பாதி என்னுடையது. அறை ஒன்று ஓர் இரவுக்கு 30,000 ரூபா. இரண்டு அறை, இரண்டு இரவு, 1,20,000. மீதி 30,000 இல் சாப்பாடும் போக்குவரத்தும் என்று மனைவிக்குக் கணக்குச் சொல்லியிருந்தேன். எனக்கு அனுப்பிய விலைப் பட்டியலில் 30,000 க்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். ஒரு கூட்டல் சேவைக் கட்டணம், நூற்றுக்குப் பத்து. மற்றக் கூட்டல் அரசாங்க வரி. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் நூற்றுக்குப் பதினெட்டு. இரண்டும் ஏறியதும் அறைக் காசு மட்டும் 1,53,000 ரூபாவைத் தாண்டியது. ஒரு சீனி மூட்டைக்கு ஐந்து ரூபா கூடினால் அரை மணி நேரம் வாதாடுகிற நான், முப்பத்து மூவாயிரத்தை இரண்டு சின்னக் குறிகளில் கோட்டை விட்டேன். “கையில் இருந்து போகும் முழுத் தொகை எவ்வளவு?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கூட்டல் குறி இல்லாமல் முழு விலை சொல்கிற இடங்களும் இருக்கின்றன.

அதற்கு மேல் மேலதிகக் கட்டில். சிறு பிள்ளைகளுக்கு அறையில் காசில்லை என்று சொன்னது உண்மை. பெற்றோரின் கட்டிலில் படுத்தால் காசில்லை, தனிக் கட்டில் கேட்டால் உண்டு. எத்தனை வயது வரை இலவசம், எத்தனை வயது வரை அரைக் கட்டணம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் வேறு. பிள்ளைகளின் வயதை முன்கூட்டியே சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நீச்சல் தடாகத்தில் இன்னொரு பாடம். பேரன்மார் அரைக் காற்சட்டையும் டீசேட்டுமாக ஓடிப் போய் நின்றார்கள். நீச்சல் உடை இல்லாமல் இறங்க முடியாது என்று மறித்துவிட்டார்கள். கீழே இருந்த கடையில்தான் வாங்க வேண்டியதாயிற்று. அந்தத் துணியின் மொத்த விலை எனக்குத் தெரியும். காசு கொடுக்கும்போது வியாபாரி என்ற முறையில் அந்தக் கடைக்காரர் மீது பொறாமைதான் வந்தது. மகள் முழு உடலையும் மறைக்கும் நீச்சல் உடையைக் கொண்டு வந்திருந்தாள். அதற்கும் அனுமதி இல்லை என்றார்கள். வேறு சில ஹோட்டல்களில் அனுமதிக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். அவள் கால்களை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு கரையில் இருந்தாள். காசு கட்டும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. சாப்பாடு ஹலாலா என்று கேட்டேன், அறையில் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டேன், இதைக் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு நாள்தான் ஹோட்டலில் இருந்தோம். மறுநாள் கொம்பனித் தெருவில் கொத்து ரொட்டி. ஆறு பேரும் சாப்பிட்ட காசு ஹோட்டலில் ஒருவருக்கான காசைவிடச் சற்றுத்தான் கூட.

ஆனாலும் ஹோட்டல்காரனிடம் ஒரு வியாபாரம் படித்தேன். அதே அறைக்கு, போயாவோடு சேர்ந்த நீண்ட வார இறுதியில் என்ன விலை என்று முன்கூடத்தில் இருந்த பிள்ளையிடம் விசாரித்தேன். கணிசமாகக் கூட. ஏன் என்று யோசித்தால் நியாயம் விளங்குகிறது. நான் இன்று விற்காத பருப்பை நாளை விற்பேன். அவன் இன்றிரவு விற்காத அறையை நாளை விற்க முடியாது. அறை வெறுமையாகக் கிடந்தாலும் ஆட்களுக்குச் சம்பளமும் மின்கட்டணமும் ஓடும். அதனால்தான் வார நாளில் குறைத்தாவது நிரப்பப் பார்க்கிறான். அதனால்தான் உள்நாட்டவருக்கென்று தனி விலையும் வைத்திருக்கிறான். அடையாள அட்டையைக் காட்டிக் கேட்பவருக்குத்தான் அது கிடைக்கும். போயா தினத்தில் மதுச்சாலை மூடியிருப்பது நம் குடும்பங்களுக்கு வசதி. அந்த வசதியைத் தேடிப் போனால் விலை ஏறியிருக்கும். என்னைக் கேட்டால், பாடசாலை விடுமுறைக்குள் வருகிற சாதாரண செவ்வாயும் புதனும்தான் வியாபாரிக்கு ஏற்ற நாள். கடையிலும் கூட்டம் குறைவு, ஹோட்டலிலும் குறைவு.

புதன்கிழமை மாலை காலிமுகத்திடலுக்குப் போனோம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859 இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணி வாருங்கள் என்று தனக்குப் பின்வரும் ஆளுநர்களுக்குச் சொல்லி அங்கே ஒரு கல் நாட்டியிருக்கிறார். இலவசம். சேவைக் கட்டணமும் இல்லை, வரியும் இல்லை. பேரன்மார் பட்டம் விட்டார்கள், இறால் வடை சாப்பிட்டார்கள். ஆறு வயதுக்காரன் கடலைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, “அப்பா, இது நீங்க வர்ற கொழும்புக்குக் கிட்டயா?” என்று கேட்டான். புறக்கோட்டையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் அளவுதான் என்றேன்.

மகள் பக்கத்தில் இருந்தாள். “நான் இவனளவு இருக்கிறப்போ எத்தனை தரம் கேட்டிருப்பேன் வாப்பா. தீபாவளி முடியட்டும் என்பீங்க. பிறகு சித்திரை. பிறகு நோன்பு” என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அவள் கணவர் கத்தாரில் இருக்கிறார். வருடத்தில் ஒரு மாதம்தான் பிள்ளைகளைக் காண்கிறார். தோட்டத்துக்கு விற்கும் கடைக்கு தீபாவளிதான் பெரிய சீசன். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு ஆறு வயதாக இருந்த வருடத்தில் தீபாவளிக்கு எவ்வளவு விற்றேன் என்று இன்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. “வடை இன்னும் ஒன்று வாங்கவா?” என்று கேட்டேன்.

வியாழக்கிழமை இரவு ஊர் திரும்பினோம். எல்லாச் செலவும் சேர்த்து 1,80,000 ரூபாவுக்கு மேல். சீட்டுப் பணம் போக முப்பதாயிரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, கை வைக்க மாட்டேன் என்று சொன்ன காசோலைப் பணத்திலிருந்து எடுத்திருந்தேன். பயணம் முழுக்க அதுதான் நெஞ்சில் கல். காசோலை திரும்பினால் புறக்கோட்டையில் முப்பது வருடப் பெயர் ஒரே நாளில் போய்விடும். நேரே கடைக்குப் போய் லாச்சியைத் திறந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தது. “மாமா, மூணு நாளும் ஒரு சதம் கடன் குடுக்கல்ல” என்றான் மருமகன். காலையில் வங்கியில் போட்டேன். காசோலை மாறியது.

சந்தோஷம் அன்று அஸர் வரைக்கும்தான். மேல் தோட்டத்து அம்மா ஒருவர், எங்களிடம் இருபது வருடத்துக்கு மேல் சாமான் வாங்குபவர், வியாழக்கிழமை மாவும் சீனியும் கேட்டு வந்திருக்கிறார். சம்பளக் காசில் பழைய கணக்கை முடித்துவிட்டுப் புதுக் கணக்குத் தொடங்குவது அவருடைய வழக்கம். அது என் தலையில் இருக்கிறது, கொப்பியில் இல்லை. மருமகன் கொப்பியைப் பார்த்தான். பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. கடன் இல்லை என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டான். அவர் எதிர்க் கடையில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அவனை ஏச முடியுமா? யாருக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம், யார் மழைக்காலத்தில் இறப்பர் வெட்டு நின்றால் ஒரு மாதம் பிந்துவார், யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் என் மண்டைக்குள்தான் இருந்தன. நான் படுத்துவிட்டால் கடையும் படுத்துவிடும் என்பதை ஹோட்டல் பில் கற்பிக்கவில்லை; இந்த அம்மாதான் கற்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை லயத்துக்குப் போனேன். வாசலில் கதிரை போட்டு, சாயம் தந்தார். “தம்பிக்குத் தெரியாதுதானே முதலாளி” என்றார். மறு மாதமும் எதிர்க் கடையில்தான் வாங்கினார். ஒக்டோபரில், தீபாவளிக்கு முந்திய வாரம், எங்கள் கடைப் படி ஏறினார்.

அந்த இடைவெளியில் நானும் மருமகனும் இரவில் உட்கார்ந்து ஒரு புதிய கொப்பி எழுதினோம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரி: கடன் எல்லை, கட்டும் நாள், தெரிந்துகொள்ள வேண்டிய விசயம். முடிக்க மூன்று வாரம் ஆனது. எழுத எழுதத்தான் தெரிந்தது, எல்லையே இல்லாமல் நான் கொடுத்து வந்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள்.

இந்த ஆகஸ்டுக்குப் பிள்ளைகள் கல்கிசை கேட்கிறார்கள். மனைவியின் சீட்டு இந்த முறை நவம்பர் மாதம்தான் வருகிறதாம். அதற்காக ஜனவரியில் இருந்து வாரம் இரண்டாயிரம் ரூபா லாச்சியிலிருந்து எடுத்து, ஒரு பால்மா டின்னில் போட்டு வருகிறேன். டின்னின் மேல் ஆறு வயதுக்காரன் - இப்போது ஏழு - கடல் வரைந்து ஒட்டியிருக்கிறான். கரையில் ஒரு லொறியும் நிற்கிறது.